ஹாலஜனும் எல்.இ.டி.யும் ஒரே மேடையில்: பழைய டிம்மரில் மாட்டலாமா?

கேள்வி, 18 ஜூன் 2023

அண்ணே, எங்கள் பள்ளி அரங்கத்துக்கு லைட் பார்ப்பது நான்தான். பிழைப்பு கணக்கு வாத்தியார் வேலை, லைட் தலையில் கட்டப்பட்டது. மேடையில் 1000 வாட் பார் கேன் (டப்பாவுக்குள் ஹாலஜன் பல்பு வைத்த PAR லைட்) நான்கு, 500 வாட் ஹாலஜன் ஃபிளட் (வெளிச்சம் அகலமாகப் பரவும் லைட்) நான்கு. பக்கச் சுவரில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆறு திருகு வைத்த பழைய டிம்மர் பெட்டி, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட். பார் கேன்கள் முதல் நான்கில், ஃபிளட் நான்கும் சேர்ந்து ஐந்தாவதில். ஆறாவது காலி. இத்தனை வருடம் சிக்கல் இல்லை.

இந்த வருடம் நிர்வாகம் 12 எல்.இ.டி. பார் லைட் வாங்கிவிட்டது. காலியாக இருந்த ஆறாவது பாயிண்டில் செருகிப் பார்த்தேன். திருகைக் குறைத்தால் மினுக்குகிறது. பாதிக்குக் கீழே வந்தால் பட்டென்று அணைந்து மறுபடி எரிகிறது. முழுக்க அணைத்த பிறகும் அவ்வப்போது மின்மினிப் பூச்சி மாதிரி ஒரு வெட்டு. டிம்மர் பழசாகிவிட்டது, புதுசு வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். ஆகஸ்ட் 12 ஆண்டு விழா. இரண்டையும் ஒரே கையில் ஆட்ட வழி உண்டா?

பதில், 18 ஜூன், இரவு

முதலில் எல்.இ.டி.யை அந்தப் பெட்டியிலிருந்து உருவுங்கள். படிப்பது அப்புறம்.

உருவியாச்சா? சரி. உங்கள் டிம்மரில் ஒரு கோளாறும் இல்லை. கடைக்காரருக்கு ஒரு டிம்மர் விற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. அதாவது நொடிக்கு 100 அரை அலைகள். டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற சின்னப் பொருள் ஒவ்வொரு அரை அலையின் தலையையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. திருகைக் குறைத்தால் வெட்டு பெரிதாகும். ஹாலஜனுக்குள் இருப்பது வெறும் கம்பி. வெட்டிய இடத்தில் அது ஆறுவதற்குள் அடுத்த துண்டு வந்து சுட்டுவிடும். அதனால் கண்ணுக்கு வெட்டு தெரியாது, மங்கல்தான் தெரியும்.

எல்.இ.டி. பாருக்குள் கம்பி கிடையாது. மொபைல் சார்ஜரில் இருப்பது மாதிரி ஒரு பவர் சப்ளை உட்கார்ந்திருக்கிறது. வருகிற கரண்டு எப்படி இருந்தாலும் தன் பின்னால் இருப்பவருக்கு ஒரே அளவு கொடுப்பதுதான் அதன் வேலை. நீங்கள் பட்டினி போடப் போட அது பக்கத்து இலையில் கைவைக்கும். மங்கவே மங்காது. தாங்க முடியாத கட்டத்தில் மயங்கி விழும், கொஞ்சம் தெம்பு வந்ததும் எழுந்திருக்கும். நீங்கள் பார்த்தது அதுதான்.

டிரையாக்குக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை திறந்தால் திறந்தே இருக்க, அதன் வழியே குறைந்தபட்சம் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1000 வாட் பார் கேன் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்குக் கவலையில்லை. உங்கள் எல்.இ.டி. ஒன்று அரை ஆம்பியர் இருக்கும், அதுவும் விட்டு விட்டு. டிரையாக் நடுவிலேயே கதவைச் சாத்திவிடும். அணைத்த பிறகு வரும் மின்மினி வேறு கதை: டிம்மருக்குள் டிரையாக்குக்கு இணையாக ஒரு கண்டன்சர் இருக்கும், அதன் வழியே கசியும் துளி கரண்ட். ஹாலஜன் அதைச் சட்டை செய்யாது. எல்.இ.டி.யின் சப்ளை அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்து ஒரு தடவை மின்னிவிட்டு மறுபடி காலியாகும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஹாலஜனுக்குச் சோறும் சொல்லும் ஒரே கம்பியில் போகிறது. எல்.இ.டி.க்குச் சோறு ஒரு கம்பி, சொல் வேறு கம்பி. உங்கள் எல்.இ.டி. பின்னால் வட்டமாக மூன்று பின் சாக்கெட் இரண்டு இருக்கிறதா பாருங்கள். சொல் அதில்தான் போக வேண்டும்.

19 ஜூன்

விழா வரைக்கும் அவசரத்துக்கு ஒரு வழி: ஆறாவது திருகை முழுக்கத் திருகி அப்படியே விட்டுவிட்டு அதில் எல்.இ.டி.யை வைத்துக்கொள்ளலாம். வெட்டே இல்லையென்றால் டிம்மர் இல்லாத பாயிண்ட் மாதிரிதானே. நான் பல வருடம் இப்படி ஓட்டியிருக்கிறேன்.

(24ஆம் தேதி குறிப்பைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள்.)

23 ஜூன்

டிரையாக் வெட்டுவதால்தானே பிரச்சினை, வெட்டாமல் வோல்ட்டை மட்டும் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் வைத்தால் ஓடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வீட்டில் பழைய டிம்மர்ஸ்டாட் ஒன்று கிடக்கிறது. அதைத் தூக்கி மேசையில் வைப்பதற்குள் இடுப்பு பேச ஆரம்பித்துவிட்டது.

எல்.இ.டி. பார் ஒன்றை மாட்டி 230இலிருந்து இறக்கினேன். 200. வெளிச்சம் அப்படியே. 150, அப்படியே. 115 வந்தபோதும் அப்படியே, ஆனால் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் அரை ஆம்பியரிலிருந்து ஏறக்குறைய ஒன்றுக்கு வந்துவிட்டது. வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பு, வாட் மாறவில்லை. 80 பக்கம் போனதும் ரெண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுப் படுத்துவிட்டது. அவ்வளவுதான். பெட்டியில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருப்பதற்கு இதுதான் பொருள்: இந்த எல்லைக்குள் நீ என்ன செய்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அதே டிம்மர்ஸ்டாட்டில் 500 வாட் ஃபிளட்டை மாட்டி இறக்கினால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. டிரையாக் டிம்மரில் பாதியில் வைத்தால் கம்பி ஙொய் என்று பாடுமே, அந்தச் சத்தம்கூட இல்லை. பழசுக்கும் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது.

24 ஜூன்

19ஆம் தேதி எழுதியது தப்பு. அதை அழிக்கவில்லை, ஏன் தப்பு என்று தெரியட்டும்.

டிம்மர்ஸ்டாட்டை எடுத்த சூட்டில் திருகு டிம்மர் ஒன்றையும் எடுத்து, முழுக்கத் திருகி, எல்.இ.டி. ஒன்றை மட்டும் மாட்டினேன். பத்து நிமிடம் நன்றாக எரிந்தது. பிறகு நடுக்கம். டிம்மர் பெட்டியில் கை வைத்தால் கிர்ர் என்கிறது.

காரணம் யோசித்தேன். டிரையாக்கைத் திறக்கும் தட்டு அரை அலையின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் எல்.இ.டி. சப்ளை அலையின் உச்சிக்குப் பக்கத்தில்தான் கரண்ட் எடுக்கும். கதவைத் தட்டும் நேரத்தில் உள்ளே போக ஆளில்லை. ஆள் வரும்போது கதவு சாத்தியாகிவிட்டது. முழுக்கத் திருகினாலும் டிரையாக் டிரையாக்தான், நேர் கம்பி ஆகிவிடாது. சில டிம்மர் பேக்குகளில் (பல டிம்மர் சேர்ந்த பெட்டி) ஸ்விட்ச் மோடு, அதாவது மங்காமல் போட்டு அணைக்க மட்டும், என்று ஒன்று இருக்கும். அதிலும் பெரும்பாலும் நடுவில் நிற்பது இதே டிரையாக்தான். முனைகள் ஒட்டிப் பிரியும் நிஜமான ரிலே இருந்தால்தான் நம்பலாம்.

அப்படியானால் நான் பல வருடம் ஓட்டினேனே, அது எப்படி? பழைய நோட்டைப் புரட்டினேன். அந்த வருடங்களில் எல்.இ.டி.யோடு அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எப்போதும் ஒரு 500 வாட் ஃபிளட்டும் தொங்கியிருக்கிறது. டிரையாக்கைத் திறந்து வைத்திருந்தது அந்த ஃபிளட். நான் ஏதோ என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே வாத்தியாரே: எல்.இ.டி.க்குச் சுவரில் டிம்மர் இல்லாத சாதாரண பாயிண்ட் கொடுங்கள். தனி எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக விழும் ஸ்விட்ச்), தனி ஸ்விட்ச். ஸ்விட்சைப் போட்டால் நிகழ்ச்சி முடியும்வரை அணைக்க வேண்டாம். இருட்டு வேண்டுமென்றால் சொல் கம்பி வழியே சொல்லுங்கள்.

1 ஜூலை

வாத்தியார் போன் செய்தார். சொல் கம்பி வழியே லைட்டுகளுக்குச் சொல்ல ஒரு கண்ட்ரோல் போர்டு வாங்க வேண்டுமே, நிர்வாகம் மறுபடி பணம் தராது என்று புலம்பினார். எல்.இ.டி. வந்த பெட்டிகளில் வேறு என்ன இருந்தது என்று கேட்டேன். ஒரு கறுப்புப் பெட்டி, நிறைய பட்டன், மைக் மிக்சர் என்று நினைத்து மியூசிக் ரூமில் வைத்துவிட்டோம் என்கிறார். இரண்டு மாதமாக வயலினுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது போர்டு!

அந்த சொல் கம்பிக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். 1986இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பக்காரர்கள் சங்கம் போட்ட ஒப்பந்தம். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனி டிம்மரும் ஒவ்வொரு பாஷை பேசிக்கொண்டிருந்தது. ஒரே கேபிளில் 512 சேனல், ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை ஒரு எண். அவ்வளவுதான் சமாச்சாரம். போர்டு ஓயாமல் 512 எண்களையும் வரிசையாகக் கத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு லைட்டும் தன் எண் வரும்போது மட்டும் காது கொடுக்கும். ரேஷன் கடை டோக்கன் மாதிரி.

லைட்டின் முதுகில் உள்ள டிஸ்பிளேயில் அது எந்த எண்ணிலிருந்து கேட்க வேண்டும் என்று வைக்க வேண்டும். உங்களுடையது 8 சேனல், அதாவது வரிசையாக எட்டு எண்களைக் கேட்கும் லைட், என்றால் முதல் லைட் 1, அடுத்தது 11, அடுத்தது 21 என்று பத்துப் பத்தாகப் போங்கள். மனதில் நிற்கும்.

2 ஜூலை

பத்துப் பத்து வேண்டாம். வாத்தியார் போர்டின் படம் அனுப்பினார், அது 192 சேனல் போர்டு. இடது பக்கம் 12 பட்டன், ஒவ்வொரு பட்டனுக்கும் 16 சேனல். ஆக 1, 17, 33, 49 என்று பதினாறாகத் தாவ வேண்டும், பன்னிரண்டாவது 177. நான் சொன்னபடி 11 என்று வைத்திருந்தால் இரண்டாவது லைட் முதல் பட்டனுக்குள்ளேயே போய்ச் சிக்கியிருக்கும். கணக்கு வாத்தியார் என்பதால் நான் திருத்துவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

12 பட்டன், 12 லைட், சரியாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். பன்னிரண்டையும் தனித்தனியாக ஆட்ட உங்களுக்குக் கை போதாது. இடது வலது ஜோடிக்கு ஒரே எண் கொடுங்கள், இரண்டும் சேர்ந்தே நடிக்கும். ஆறு பட்டனில் முடிந்தது. மிச்ச ஆறு பட்டன் என்றாவது டி.எம்.எக்ஸ். டிம்மர் பேக் வாங்கினால் ஹாலஜனுக்கு ஆகும்.

இன்னொன்று, இந்த ரகப் போர்டுகள் ஆன் செய்ததும் பிளாக் அவுட்டில்தான், அதாவது எல்லா லைட்டையும் அணைத்த நிலையில்தான், கண் விழிக்கும். அந்தப் பட்டனை ஒருமுறை தட்ட வேண்டும். அது தெரியாமல் நான் ஒரு மணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், கோவில் கொடை அன்று, ஊரே பார்க்க.

5 ஜூலை

கேபிள். போர்டிலிருந்து முதல் லைட், அதிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது என்று ரயில் பெட்டி மாதிரி கோக்க வேண்டும். நடுவில் ஒய் போட்டுக் கிளை பிரிக்கக் கூடாது. ஒரு வரிசையில் 32 கருவி வரை தாங்கும் என்பது கணக்கு, உங்களுக்கு 12தான்.

மைக் கேபிளையே போடலாமா? முனை ஒரே மாதிரிதான், அதனால் எல்லோரும் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். பத்து மீட்டர், இருபது மீட்டர் ஓடும். நீளம் கூடக் கூட கடைசி லைட் தானாகக் கலர் மாற ஆரம்பிக்கும். அப்போது பேயோட்ட ஆள் தேடாமல், கடைசி லைட்டின் வெளி சாக்கெட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே பற்றவைத்த முனையைச் செருகுங்கள். சொல் கம்பியின் கடைசியில் முட்டித் திரும்பும் எதிரொலியை அது விழுங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் போனால் ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கடைக்காரர் ஒன்றிரண்டு தர மாட்டார், முறைப்பார். நூறாக வாங்கி நண்பர்களுக்குக் கொடுங்கள்.

மைக் செட்காரரிடம் மட்டும் ஜாக்கிரதை. முனை ஒரே மாதிரி என்பதால் அவர் உங்கள் கேபிளை மிக்சரில் செருகுவார். கண்டன்சர் மைக்குக்காக அந்த மிக்சரில் 48 வோல்ட் போட்டு வைத்திருந்தால் லைட்டின் காது கருகலாம். கேபிள் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். டிம்மரிலிருந்து போகும் ஹாலஜன் வயரும் மைக் வயரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவும் கூடாது. ஸ்பீக்கரில் வரும் ங்ங்ங் சத்தத்துக்கு லைட்காரனைத்தான் திட்டுவார்கள், அந்தத் திட்டில் நியாயமும் இருக்கும்.

9 ஜூலை

ஞாயிற்றுக்கிழமை, மழை, வேலை இல்லை. டிம்மரே இல்லாத காலத்தில் எப்படி என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

என் பெரியப்பா நாடகக் கம்பெனியில் லைட்மேன். அவருடைய டிம்மர் ஒரு மண் பானை. பானையில் தண்ணீர், அதில் உப்பு. அடியில் ஒரு ஈயத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. பல்பு லைன் இந்தத் தண்ணீர் வழியாகத்தான் போகும். தகட்டை இறக்க இறக்க வெளிச்சம் ஏறும், தூக்கினால் மங்கும். ராஜா சாகும் காட்சியில் அவர் கயிற்றைத் தூக்கும் வேகத்தைப் பார்த்து நடிகர் சாவாராம். அதிகம் தொங்கவிட்டால் தண்ணீர் கொதிக்கும். அவசரத்துக்கு ஒரு பிடி உப்பு. ஏதோ ரசம் வைப்பதைச் சொல்வது மாதிரிதான் சொல்வார்.

அந்தப் பானையில் கை பட்டு ஒரு பையன் தூக்கி எறியப்பட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தண்ணீர் முழுக்க உயிருள்ள கரண்ட். அதனால் "செய்து பார்க்கலாமா" என்று கேட்டவருக்குப் பதில்: கூடாது. அப்புறம், அந்தப் பானையில் எல்.இ.டி.யை மாட்டினாலும் டிம்மர்ஸ்டாட்டில் நடந்ததுதான் நடக்கும். பெரியப்பா இருந்திருந்தால் சரியாக வேகவில்லை என்று இன்னும் உப்புப் போட்டிருப்பார்.

15 ஜூலை

வேறு ஒருவர்: மேடை விளிம்பில் வரிசையாகச் சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்புகள், வீட்டு டிம்மரில், மினுக்குகிறது. பல்பு அட்டையில் டிம்மபிள் என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் மறந்துவிடுங்கள். போட்டிருந்தால், அதே லைனில் இணையாக ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டிப் பாருங்கள். இதற்குத்தான் டம்மி லோடு என்று பெயர். ஜூன் 24ஆம் தேதி நான் ஒப்புக்கொண்ட ஃபிளட் தெரியாமலே செய்த வேலை. பல்பை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் சங்கடம். திரைக்குப் பின்னால் வைக்காதீர்கள், திரை கருகும். நான் மேடைக்கு அடியில் தகர டப்பாவில் வைத்தேன். நாய் ஒன்று குளிர் காய அங்கேயே குடிவந்துவிட்டது.

16 ஜூலை

வாத்தியார் முதல் ஒத்திகை வீடியோ அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஓடுகிறது, ஆனால் பரதநாட்டியப் பிள்ளைகளின் முகம் செத்த மாதிரி இருக்கிறது என்கிறார். அரக்குப் பட்டு கறுப்பாகத் தெரிகிறது, மஞ்சள் புடவை எலுமிச்சை நிறத்தில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் இதுதான், நான்தான் வயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். எல்.இ.டி.யில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுக்க ஏற்றினால் சுவரில் வெள்ளையாகத்தான் விழும். ஆனால் அந்த வெள்ளைக்குள் மூன்று ஒல்லியான நிறங்கள் மட்டும் இருக்கின்றன, நடுவில் இருக்க வேண்டியவை இல்லை. ஹாலஜன் வெளிச்சத்தில் வானவில் மொத்தமும் இருக்கும், சிவப்புப் பக்கம் கொஞ்சம் தூக்கலாக. நம் தோலும் மஞ்சளும் அரக்கும் ஜரிகையும் அந்த நடு நிறங்களில்தான் உயிர் வாழ்கின்றன. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைப் புடவை எங்கிருந்து காட்டும்? வெள்ளை எல்.இ.டி.யும் சேர்ந்த நான்கு நிற லைட் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மலிவு ரகங்களில் அந்த வெள்ளையும் டியூப் லைட் நீலமாகத்தான் இருக்கும்.

அதனால் நான் பிடித்துவைத்திருக்கும் வழி: முகத்துக்கு ஹாலஜன், முதுகுக்கு எல்.இ.டி. முன்னாலிருந்து விழும் வெளிச்சம் முழுக்க உங்கள் பார் கேன் நான்கும். எல்.இ.டி. பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பின் திரையிலும். நீலமும் ஊதாவும் ஹாலஜனில் எடுக்க முன்னால் கலர் ஜெலட்டின் பேப்பர் போட வேண்டும், முக்கால்வாசி வெளிச்சத்தைப் பேப்பரே தின்னும், அரை மணியில் நடுவில் ஓட்டை விழும். அந்த வேலையை எல்.இ.டி. சிரித்துக்கொண்டே செய்யும். ஆளுக்கு அவரவர் வேலையைக் கொடுத்தால் சண்டை பாதி குறையும்.

ஆனால் ஹாலஜன் இல்லாத அரங்குகளுக்கு? 3200 கெல்வின் என்று எழுதிய, நிறம் மாறாத வார்ம் ஒயிட் எல்.இ.டி. தனியாக வருகிறது. போன வருடம் ஒரு சபாவில் பார்த்தேன், முகம் நன்றாகவே இருந்தது. எல்.இ.டி. என்றாலே முகத்துக்கு ஆகாது என்று எழுத ஆரம்பித்தேன், அது நியாயம் இல்லை என்று அழித்தேன். மூன்று நிறக் கலவை முகத்துக்கு ஆகாது, அவ்வளவுதான்.

22 ஜூலை

ஃபேடு. காட்சி முடிவில் மெதுவாக இருட்டு. வாத்தியார் எல்.இ.டி.யைப் போர்டில் இறக்குகிறார், அதே நேரம் சுவர்த் திருகுகளை பி.டி. சார் இறக்குகிறார் (ஒரே கை என்ற ஆசை இந்த வருடம் இல்லை, டிம்மர் பேக் வாங்கக் காசில்லை). இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தும் ஒன்றாகத் தெரியவில்லை. பி.டி. சார் விசில் ஊதி கவுண்ட் கொடுக்கலாமா என்று கேட்கிறாராம்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. 1000 வாட் கம்பி தடியானது, கொட்டாவி விட்டுத்தான் எழும், அணைத்த பிறகும் கங்கு மாதிரி கொஞ்ச நேரம் சிவந்து நிற்கும். மங்க மங்க நிறமும் வெள்ளையிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள் என்று இறங்கும். எல்.இ.டி.க்கு இந்தத் தாமதமே கிடையாது, மங்கினாலும் நிறம் அப்படியே நிற்கும். இன்னொரு வில்லங்கம், 255 படிகள். 255க்கும் 254க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. 2இலிருந்து 1 என்றால் வெளிச்சம் பாதி. 1இலிருந்து 0 என்றால் யாரோ ஸ்விட்சைத் தட்டின மாதிரி. கடைசிப் படிகளில்தான் எல்.இ.டி. மாட்டிக்கொள்ளும்.

இரண்டு வைத்தியம். சில லைட்டுகளின் மெனுவில் டிம்மர் வேகம், டிம்மர் கர்வ் என்று ஏதாவது இருக்கும். மெதுவானதை வைத்தால் ஹாலஜன் மாதிரி இழுத்து இழுத்து இறங்கும். பன்னிரண்டிலும் ஒன்றே வைக்க வேண்டும், ஒன்றில் மறந்தால் அது மட்டும் தனியாகக் கண் சிமிட்டும்.

இரண்டாவது, மெனுவே வேண்டாத வழி: எல்.இ.டி.யை முதலில் அனுப்பிவிடுங்கள். ஹாலஜன் பாதி வெளிச்சத்தில் இருக்கும்போதே எல்.இ.டி. பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கடைசிப் படியின் வெட்டு ஹாலஜன் வெளிச்சத்தில் கரைந்துவிடும். பிறகு ஹாலஜன் தன் இஷ்டத்துக்குச் சிவந்து அடங்கட்டும். ஏற்றும்போது தலைகீழ்: ஹாலஜன் முன்னே, எல்.இ.டி. பின்னே. அந்தி நேரம் காட்டும் காட்சியானால் ஹாலஜனை முப்பது சதவீதத்தில் வைத்து, எல்.இ.டி.யில் சிவப்பு முழுக்க, பச்சை பாதிக்குக் கீழே, நீலம் பூஜ்யம். பச்சையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள், லைட்டுக்கு லைட் மாறும்.

பி.டி. சாரிடம் சொல்லுங்கள்: காட்சிக்கு முன் திருகை முழுக்க அணைக்காமல், கம்பி லேசாகக் கங்கு மாதிரி தெரியும் அளவில் வைத்திருக்கட்டும். குளிர்ந்த கம்பியின் எதிர்ப்பு சூட்டில் இருப்பதில் பத்தில் ஒன்றுகூட இருக்காது. குளிரிலிருந்து ஒரேயடியாக முழுசாகத் திருகினால் முதல் கணத்தில் பாயும் கரண்டில்தான் பல்புகள் சாகின்றன, ஃபியூஸும் போகிறது. விசில் வேண்டாம்.

29 ஜூலை

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மண்டபம், ஜெனரேட்டர் கரண்ட். த்ரீ பேஸில் ஒன்றில் ஹாலஜன் எல்லாம், அடுத்ததில் எல்.இ.டி. பத்து, மூன்றாவதில் மைக் செட். நான்தான் பிரித்துக் கொடுத்தேன், ரொம்ப ஒழுங்காக இருக்கிறது என்று எனக்கே பெருமை. நாடகம் ஆரம்பித்து ஒரு மணி நேரம். திடீரென்று ஹாலஜன் எல்லாம் மங்கியது. யார் இறக்கினது என்று டிம்மரைப் பார்க்கிறேன், ஃபேடர் (ஏற்றி இறக்கும் பிடி) எல்லாம் மேலேதான் இருக்கிறது. அதற்குள் டப், டப், டப் என்று மேலே வரிசையாகச் சத்தம். எரிந்த நாற்றம். மெயினை இழுத்தேன். எல்.இ.டி. பத்தில் ஏழு போய்விட்டது. மைக் ஆம்பிளிஃபயரும்.

ஜெனரேட்டரில் நியூட்ரல் (மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பும் வயர்) முனை லூசாகி, கருகி, விட்டுப் போயிருந்தது. நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு பேஸும் 230. நியூட்ரல் போனால் ஒரு பேஸில் உள்ள சாமான் அடுத்த பேஸில் உள்ள சாமானோடு தொடராக 415க்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அந்த 415 யாருக்கு எவ்வளவு என்று எதிர்ப்பு பார்த்துத்தான் பிரியும். ஹாலஜன் பக்கம் பல ஆயிரம் வாட், எதிர்ப்பு குறைவு, பங்கும் குறைவு, அதனால் மங்கியது. எல்.இ.டி. பக்கம் லேசான லோடு, எதிர்ப்பு அதிகம், பெரும்பங்கு அங்கே. 240க்கு மேல் தாங்காத சாமானுக்கு 300க்கு மேலே போய் விழுந்திருக்கும். ஹாலஜன் மட்டும் இருந்த காலத்திலும் நியூட்ரல் போயிருக்கிறது, பல்பு ரெண்டு போகும், அவ்வளவுதான். கனத்த லோடும் லேசான லோடும் கலந்து ஆளுக்கொரு பேஸில் உட்காரும்போதுதான் இது கொலைகாரனாகிறது. அன்று வாடகைக்குக் கிடைத்த பணம் ஒரு லைட் வாங்கக்கூடக் காணாது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த இடமானாலும் முதல் வேலை நியூட்ரல் முனையை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது, நிகழ்ச்சி நடுவில் கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது. தொடுவது இல்லை. நியூட்ரல் வயர் பேஸ் வயரைவிட ஒல்லியாக இருந்தால் அந்த இடத்தில் லைட் ஏற்றுவதில்லை. மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்று பாடத்தில் சொல்வார்கள். டிம்மர் வெட்டின கரண்டுக்கு அந்தப் பாடம் செல்லாது. வெட்டின அலையின் மூன்றாம் மடங்கு அதிர்வுகள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொண்டு வரும்.

வாத்தியாரே, இதை நீங்கள் கழற்றிப் பார்க்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரல், எர்த்து இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆடும் மேடை.

30 ஜூலை

எலக்ட்ரீஷியன் வரும்போது இதையும்: 12 எல்.இ.டி.க்கும் சேர்த்து 6 ஆம்பியர்தானே என்று 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிடுவார். ஸ்விட்சைப் போடும் கணத்தில் எல்.இ.டி. சப்ளைகளுக்குள் இருக்கும் பன்னிரண்டு கண்டன்சரும் ஒன்றாக வாய் திறக்கும், எம்.சி.பி. விழுந்துவிடும். இரண்டு ஸ்விட்சாகப் பிரித்து ஆறு ஆறாகப் போடுங்கள், எம்.சி.பி. அந்த முதல் கணப் பாய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளும் சி ரகமாக இருக்கட்டும், அளவு வயர் தடிமனைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும்.

6 ஆகஸ்ட்

பெற்றோர் போனில் எடுக்கும் வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறதாம். எல்.இ.டி. மங்குவது நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரிந்துதான். கண் ஏமாறும், போன் கேமரா ஏமாறாது. எல்.இ.டி.யைப் பத்து சதவீதத்தில் வைத்து ஓட்டாமல், எண்ணிக்கையைக் குறைத்து நன்றாக ஏற்றி வையுங்கள், கோடு குறையும். முழுசாகப் போகாது.

13 ஆகஸ்ட்

விழா முடிந்துவிட்டது. வாத்தியார் ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தார், குரல் கட்டிப் போயிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் சறுக்கல்: குழு நடனத்துக்கு நடுவில் ஒரு ஜோடி எல்.இ.டி. தானாகப் பச்சைக்குப் போய்விட்டது. கடைசி லைட்டில் ரெசிஸ்டர் செருகியிருந்தாரா என்று கேட்டேன். பாக்கெட்டில்தான் இருக்கிறது என்றார்.

கடைசிக் காட்சி ஃபேடு நன்றாக வந்ததாம். எல்.இ.டி. போனது யாருக்கும் தெரியவில்லை, நான்கு பார் கேனும் சிவந்து அடங்கும்வரை கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. பி.டி. சார் திருகை விட்டுக் கையை எடுத்த பிறகுதான் தட்டினார்கள். அவர் இப்போது அடுத்த வருடமும் தானே செய்வதாகச் சொல்கிறாராம்.

ஆறாவது திருகு இன்னும் காலி. அதில் மேடை ஃபேனை மாட்டினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமே என்று வாத்தியார் கேட்கிறார்.

மாட்டாதீர்கள்.